முகங்காட்டா வழிக்குப் பல்கலைக்கழகம் இடந்தருக!

பெயர் சொல்லிப் பேசுகின்றவனுக்கே பேச்சுரிமை என்னும் நாட்டில், பெயர் சொன்னால் பிழைப்பை இழக்கின்ற ஏழைக்குப் பேச்சுரிமை இல்லை என்பதே பொருள். இதனைச் சட்டங் கற்றோர்க்கு விளக்குவதினும், கலவையில் கோழி கூவும் பொழுதில் கையில் சோற்றுத் தூக்குடன் ஆலைப் பேருந்துக்காக நிற்கின்ற பெண்டிர்க்கு விளக்குதல் எளிது. அவர்க்கு விளக்கவே வேண்டா. அவரே நமக்கு விளக்குவர்.

கலவையிலிருந்தும் சூழவுள்ள சிற்றூர்களிலிருந்தும் ஆர்க்காடு, இராணிப்பேட்டை, வாலாசா பக்கத்துக் காலணி ஆலைகளுக்கும், தோல்சாப்பு என்று ஊரார் வழங்கும் தோல் பதனிடும் கூடங்களுக்கும் நாள்தோறும் ஆட்கள் போய் வருகின்றனர். மேற்கே ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரை இதே கதைதான். எந்தக் கூடத்துக் கழிவுநீர் எந்த இரவில் எந்தக் கால்வாயில் திறந்துவிடப்படுகின்றது, எந்தத் தொட்டி நிரம்பி வழிகின்றது, எந்த மேற்பார்வையாளன் பெண்களிடம் எப்படி நடந்துகொள்கின்றான் என்பவையெல்லாம் கண்காணிக்க வேண்டிய அலுவலர்க்குத் தெரியாவிடினும் இவர்களுக்குத் தெரியும். தெரிந்து என் செய்வது? கையிலுள்ள கைப்பேசியோ அடையாளச் சான்று கொடுத்து வாங்கிய எண்ணில் இயங்குவது. அதிலிருந்து ஒரு படத்தை அனுப்பினால், படம் போய்ச் சேருமுன் அனுப்பியவர் பெயர் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் அவர்க்கு வேலை இராது. அதே ஆலையில் அவர் தங்கைக்கும் இராது.

2015 சனவரி 31 அன்று விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோற்கழிவு நீரைத் துப்புரவாக்கும் பொதுநிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல்சாப்பில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் அந்த நச்சுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் தமிழரல்லர் என்பதனால் நமக்குத் துயர் குறைந்துவிடவில்லை. நாம் கேட்பது ஒன்றே. அச்சுவர் பொறுக்காது என்று முன்னரே கண்ட ஒரு கூலியாள் அங்கு இருந்திருப்பின், அவன் அதனை எவ்வழியால், யாரிடம், தன் தலைக்குக் கேடின்றிச் சொல்லியிருக்க இயலும்?

பாலாற்றைக் காக்க வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நயன்மன்றம் ஏறிற்று. 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பும் பெற்றது. மாசு செய்தவனே அதற்குரிய விலை கொடுக்க வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. பிறகு ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து, 2025 சனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக அதே நயன்மன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று. பேரவைக்குப் பெயர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, அதனால் பெயரோடு நின்று பேச இயன்றது. தோல் நனைக்கும் குழியில் முழங்கால் வரை இறங்கி நிற்கின்றவனுக்கு அவை இல்லை.

பெயரை மறைக்கச் சொல்லி மடல் எழுதுவதுதானே என்பர் சிலர். அப்படியும் ஒருவர் எழுதினார். சத்தியேந்திர துபே என்பது அவர் பெயர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த பொறியாளர். பீகாரில் தங்க நாற்கரச் சாலைப் பணியில் இருந்தார். அங்கு நடந்த முறைகேடுகளை 2002 நவம்பரில் தலைமையமைச்சர்க்கு எழுதி, தம் பெயரை வெளியிடலாகாது என்றும் அம்மடலிலேயே வேண்டிக்கொண்டார். மடல் பெயரோடே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்னும் குரல் அந்தச் சாவிலிருந்து எழுந்ததே.

சட்டம் வந்தது. வருவதற்குப் பதினோராண்டு ஆயிற்று. 2014 மே திங்களில் குடியரசுத் தலைவர் ஒப்பம் பெற்றது. அதன் நான்காம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தன் அடையாளத்தைக் காட்டாதவனின் முறையீட்டின்மீது நடவடிக்கை எடுக்கலாகாது என்கின்றது! எவன் பெயர் வெளிப்பட்டதனால் மாண்டானோ அவன் சாவிலிருந்து பிறந்த சட்டம், பெயரைக் கொடு என்றே முதலில் கேட்கின்றது. அந்தச் சட்டமும் பத்தாண்டு கடந்தும் நடைமுறைக்குக் கொணரப்படவில்லை என்பது அதனினும் பெரிய நகையாடல்.

அரசு தாராத காப்பை ஆளே தேடிக்கொள்ள இன்று ஒரு வழி உண்டு. உலக இணையத்தில் 'டோர்' என்று வழங்கும் வலை அஃது. (தமிழில் எச்சொல்லும் டகரத்தில் தொடங்காது, ஆகலின் இவ்வேட்டில் 'தோர்' என்றே எழுதுகின்றோம்.) இதன் செயற்பாடு கடினமானதன்று. ஒருவர் ஒரு செய்தியை அனுப்பும்போது அது நேரே போகாமல் மூன்று இடைக்கணுக்கள் வழியாகப் போகின்றது. இடைக்கணு என்பது, சர்வர் என்று வணிகர் கூறும் வழங்கிப்பொறிதான். ஒருவர் விரும்பித் தம் இடத்தில் அமைத்து இயக்குவது. செய்தியின்மேல் மூன்று மறையாக்க உறைகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கணுவும் ஓர் உறையைப் பிரித்து, அடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அறிந்து அனுப்பும். முதற்கணுவுக்கு அனுப்பியவர் யார் எனத் தெரியும். எங்கே போகின்றது எனத் தெரியாது. கடைக்கணுவுக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுக்கணுவுக்கு இரண்டும் தெரியா. உறைமேல் உறையாக இருத்தலின் இதற்கு வெங்காய வழி என்றே அறிவியலார் பெயரிட்டனர். உரிக்க உரிக்க ஒன்றும் இல்லை என்று பெரியார் வெங்காயத்தை எள்ளலுக்கு எடுத்தாண்டார். இங்கோ உரிப்பவன் கைக்கு ஒன்றும் அகப்படாமையே அதன் பயன்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஒற்றாடலைப் பற்றி அரசனுக்குச் சொல்லவந்த வள்ளுவர், ஓர் ஒற்றன் மற்றோர் ஒற்றனை அறியாவாறு ஆளவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தவிடத்தே தெளியவேண்டும் என்றும் வகுத்தார். ஒருவரையொருவர் முழுதும் அறியாத மூவர்! இந்த வலையும் முதலில் ஒற்றர்க்காகவே எண்ணப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் 1990களின் நடுவில் தோன்றியது இக்கருத்து. ஆனால் படையாள் மட்டுமே நடக்கும் மறைவழியில் நடப்பவன் எவனாயினும் படையாளே என்பது வெளிப்படை. ஆகவே எல்லாரையும் அதில் நடக்கவிட்டாலன்றி அதற்குப் பயனில்லை என்று கண்டு, 2000த்திற்குப் பின் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். 2006 முதல் தனியொரு பொதுநல அமைப்பு அதனை நடத்தி வருகின்றது. அரசின் ஒற்றனுக்குக் கண்ட கருவி குடிமகனுக்குக் கவசமாயிற்று. இன்று நாள்தோறும் இருபது நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் நடக்கின்றனர்.

இவ்வளவு பேர் நடக்கும் வழிக்குக் கணுக்களை நிறுவியவர் யார்? அரசுகள் அல்ல, பெருவணிகரும் அல்லர். ஏழாயிரம் எட்டாயிரம் அளவிலான கணுக்களில் பெரும்பாலானவை தனியாட்களும் சிறுசிறு கழகங்களும் தம் கைக்காசில் நடத்துபவை. அவற்றுள் தலைநிமிர்ந்து, 'இஃது எம் பொறி' என்று பெயர்ப்பலகை மாட்டி நடத்துவன சில பல்கலைக்கழகங்கள். அமெரிக்காவில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம், கனடாவில் வாட்டர்லூ, சுவீடனில் கார்ல்சுதாடு, ஆத்திரியாவில் இலின்சு நகரத்துக் கெப்ளர் பல்கலைக்கழகம் ஆகியவை இப்பணி செய்தவை. 2023இல் எலக்ட்ரானிக்கு பிராண்டியர் பவுண்டேசன் என்னும் அமெரிக்க உரிமைக்காப்பு அமைப்பு, பல்கலைக்கழகங்கள் யாவும் ஒவ்வொரு கணுவேனும் நிறுவ முன்வர வேண்டும் என்று அறைகூவலே விடுத்தது.

பல்கலைக்கழகத்தை ஏன் நாடுகின்றனர் என்பதற்கு விடை எளிது. தனியாள் ஒருவன் தன் வீட்டில் கடைக்கணு அமைத்தால், அவ்வழியே எவனோ செய்த குற்றத்துக்குக் காவலர் இவன் கதவைத் தட்டுவர். 2017இல் மாசுகோவில் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அவ்வாறே சிறைப்பட்டார். அவர் எழுதாத எழுத்துக்காக அவர்மேல் வழக்குத் தொடுத்து, ஓராண்டுக்குப் பிறகே கைவிட்டனர். பல்கலைக்கழகத்துக்கோ சட்டத்துறை உண்டு, கணிப்பொறித்துறை உண்டு, வந்து கேட்கும் காவலர்க்கு நிறுத்தி விளக்கும் மதிப்பு உண்டு. அதன் இணைய இணைப்போ இரவில் பாதி வெறுமையாய்க் கிடப்பது. இன்னொன்றும் உண்டு. மறைந்து பேசுகின்றவன் ஏழையாயிருக்க, அவனுக்கு இடந்தருகின்றவன் மறையாமல் நிற்க வேண்டும். மறைவு பேசுவோனுக்கு, வெளிப்படை இடந்தருவோனுக்கு. இந்த ஏற்பாட்டின் அறமே அதில் இருக்கின்றது.

இதற்கு நம் அன்பர்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். அமெரிக்காவில் நியூ ஆம்ப்சயர் மாநிலத்தில் இலெபனான் என்றொரு சிறு நகர் உண்டு. நம் ஆர்க்காட்டைவிடச் சிறியது. அங்குள்ள கில்டன் நூலகம் 2015 கோடையில் தோர் இடைக்கணு ஒன்றை அமைத்தது. பொது நூலகம் ஒன்று இத்தகைய கணுவை ஏற்றது அந்நாட்டிலேயே முதன்முறை. செய்தி வெளிவந்ததும் உள்நாட்டுக் காவல் அமைச்சின் அலுவலர் ஒருவர் மாநிலக் காவலர்க்கு எழுத, அவர் உள்ளூர்க் காவலர்க்குச் சொல்ல, காவலரும் நகராட்சியாரும் நூலகத்துக்கு வந்து பேசினர். ஆணை எதுவும் இடவில்லை, தடையும் போடவில்லை. குற்றவாளிகளும் இதனைப் பயன்படுத்துவர் என்று மட்டும் சொன்னார்கள். இன்னதென்று சொல்லாத அச்சுறுத்தலுக்கு ஆணையினும் வலிமை மிகுதி. நூலகம் கணுவை நிறுத்திவைத்தது.

அதன்பின் நடந்ததே செய்தி. 2015 செப்டம்பர் 15 அன்று நூலக ஆட்சிக்குழு கூடியது. ஊர்மக்கள் திரண்டு வந்தனர். படிப்பவன் எதைப் படிக்கின்றான் என்பதை எவர்க்கும் சொல்லாமை நூலகத்தின் தொன்றுதொட்ட கடமை. இதுவும் அதன் தொடர்ச்சியே என்று பேசினர். ஆட்சிக்குழு கணுவை மீண்டும் இயக்கவே முடிவு செய்தது. அவ்வளவுதான். எவரும் கோட்டையைப் பிடிக்கவில்லை, கொடி ஏற்றவில்லை. ஒரு சிற்றூர் நூலகம், வல்லரசின் காவல் அமைச்சு எழுதிய மடலை மதித்துப் படித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. 2014 சனவரி முதல் சூலை வரை இவ்வலைக்குள் சில பொய்க்கணுக்கள் புகுந்து, நடப்பவர் யாரெனக் கண்டறிய முயன்றன. அவற்றை நுழைத்தவர் அமெரிக்கக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனத்து ஆய்வாளர்கள். அவ்வாய்வுக்குப் பணங்கொடுத்தது அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு என்பதும், திரட்டிய செய்திகள் அழைப்பாணை வழியாகக் காவற்றுறைக்குப் போயின என்பதும் 2016இல் நடுவர் ஒருவரின் ஆணையால் வெளியாயின. காவற்றுறை அதற்கெனப் பெருந்தொகை கொடுத்தது என்று தோர் அமைப்பினர் குற்றஞ்சாட்டினர். பல்கலைக்கழகம் அழைப்பாணைக்குப் பணிந்ததற்குத் தாம் பணம் பெறவில்லை என்றது. அந்தப் பூசல் கிடக்கட்டும். கல்விக்கூடம் என்னும் பெயரை நம்பி வலை வாயிலைத் திறந்துவைத்தது. அப்பெயரைக் கொண்டே ஒற்றர் வேலை நடந்தது. பல்கலைக்கழகம் இதில் ஒதுங்கி நிற்க இயலாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. இடங்கொடுக்கின்ற பல்கலைக்கழகமும் உண்டு. காட்டிக்கொடுக்கின்ற பல்கலைக்கழகமும் உண்டு.

தில்லி என்ன சொல்கின்றது? தோர் என்னும் பெயரைச் சொல்லி அதனைக் குற்றமாக்கிய சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை. ஆனால் சட்டம் இல்லாத இடத்தை நிழல்கள் நிரப்பியுள்ளன. 2018 திசம்பர் 20 அன்று, எந்தக் கணிப்பொறியையும் ஊடுருவிப் பார்க்கப் பத்து அமைப்புகளுக்கு ஒரே தாளில் இசைவு தரப்பட்டது. 2022 ஏப்பிரல் 28 அன்று, செர்ட்-இன் என வழங்கும் நடுவணரசின் கணிப்பொறிக் காவல் அமைப்பு ஓர் ஆணை பிறப்பித்தது. மறைவழி இணைப்பு விற்போர் தம் வாடிக்கையாளர் பெயர், முகவரி, இணைய இலக்கம், பயன்படுத்தும் நோக்கம் ஆகியவற்றை ஐந்தாண்டு பதிந்து வைக்க வேண்டும் என்றது அவ்வாணை. மறைவை விற்பவன் மறைவைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டுமாம்! எக்சுபிரசு, நோர்டு, புரோட்டான் முதலிய நிறுவனங்கள் அவ்வாண்டிலேயே தம் வழங்கிப்பொறிகளை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. அடுத்து சூன் திங்களில் நடுவணரசு தன் ஊழியர்க்கு விடுத்த நெறிமுறையில், இத்தகைய வழிகளையும் தோரையும் பெயர் சொல்லியே விலக்கியது. 2020இல் காசுமீரத்தில் மறைவழி இணைப்பால் இணையம் கண்டோர்மீது கொடுஞ்சட்டத்தின்கீழ் வழக்கே பதிந்தனர்.

இதே நாட்டின் உச்ச நயன்மன்றம், 2017 ஆகத்து 24 அன்று ஒன்பது நடுவர் அமர்ந்து, புட்டசாமி வழக்கில், தனியுரிமை உயிருரிமையின் கூறே என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்ததும் உண்மை. தீர்ப்பு ஒரு பக்கம், பதிவேடு மறுபக்கம். பல்கலைக்கழகக் கணுவுக்கு இவ்வாணைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்துச் சட்டத்துறையினரே எழுத்தில் ஆராய்ந்து உரைக்க வேண்டும். அதற்குத்தானே சட்டத்துறை? அச்சம் வந்தவுடன் ஆராய்ச்சியை நிறுத்திவிடுதல் கற்றோர்க்கு அழகன்று.

இனி, கேட்கத்தக்க ஒரு மறுப்பு உண்டு. இவ்வழியே நஞ்சு விற்போர், குழந்தைகளைக் கெடுக்கும் கயவர், ஏமாற்றுக்காரர் ஆகியோரும் நடக்கின்றனரே என்பது அது. நடக்கின்றனர், இல்லை என்று சொல்லோம். ஆனால் அத்தகையோரைப் பிடிக்க வழியையே அடைக்க வேண்டுவதில்லை. 2013 திசம்பரில் அமெரிக்க ஆர்வர்டு பல்கலைக்கழகத்து மாணவன் ஒருவன் தேர்வுக்கு அஞ்சி, தோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் விடுத்தான். காவலர் அவ்வலையை உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக இணைப்பிலிருந்து தோருக்குள் சென்றவர் யார் யார் என்று பார்த்தனர்; போய்க் கேட்டனர்; அவன் ஒப்புக்கொண்டான். கால்நடையாய்ச் சென்று உசாவும் காவலனுக்கு இன்றும் வேலை உண்டு. எல்லார் மடலையும் பிரித்துப் படிக்கும் காவலனைத்தான் நாம் வேண்டா என்கின்றோம். மேலும், பணமும் ஆளும் உடைய குற்றக்கும்பல் வேறு நூறு வழிகளைக் காசு கொடுத்துப் பெறும். கலவைப் பெண்ணுக்குக் காசில்லாமல் கிடைக்கும் வழி இஃதொன்றே. 2019 முதல் எளிய கைப்பேசியிலும் இது இயங்குகின்றது.

'தமிழ் காக்க வந்த ஏட்டுக்கு இந்த வழங்கிப்பொறி வேலை எதற்கு?' என்று அன்பர் சிலர் வினவுவர். நம் வரலாற்றையே அவர்க்கு விடையாகத் தருவோம். 1908இல் 'இந்தியா' இதழ் சென்னையில் வெளிவர இயலாத நிலையில், பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரிக்குப் போனது. (பாரதியாரின் கொள்கைகள் பலவற்றில் நமக்கு உடன்பாடில்லை, அது வேறு செய்தி.) சென்னையில் எழுதலாகாத எழுத்து, புதுச்சேரியில் அச்சாகிச் சென்னைக்கே வந்தது. வெள்ளையன் உள்ளே வரவொட்டாமல் தடுத்ததால் 1910இல் நின்றது. அந்த ஈராண்டுப் புதுச்சேரிதான் இன்றைய கடைக்கணு, வேறொன்றுமில்லை. 1976இல் நெருக்கடிக் காலத்துத் தணிக்கையாளன் 'முரசொலி'யின் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தான். சிறைப்பட்டோர் பட்டியலை வெளியிட இயலாதபோது, பிப்பிரவரி 3 அன்று அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று தலைப்பிட்டு அப்பெயர்களையே வெளியிட்டார் கலைஞர். தணிக்கையாளனுக்குப் புரியவில்லை, தமிழர்க்குப் புரிந்தது. ஆட்சி கண் வைத்த போதெல்லாம் இவ்வினம் சுற்றுவழி கண்டே பேசியிருக்கின்றது.

ஈழத்தில் நடந்ததோ நகையாடற்குரியதன்று. 'தராகி' என்னும் புனைபெயரில் எழுதிப் புகழ்பெற்றவரும் 'தமிழ்நெட்டு' இணைய இதழின் ஆசிரியருமான சிவராம், 2005 ஏப்பிரல் 28 இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகில் பிணமாகக் கிடந்தார். 2007 சூன் திங்களில் இலங்கை அரசு அவ்விதழை அத்தீவு முழுதும் இணையத்தில் தடுத்தது. போரின் கொடுமை முற்றிய ஈராண்டும், தம் ஊரில் என்ன நடக்கின்றது என்பதை ஈழத்தமிழன் தன் ஊரிலிருந்தே படிக்க வேண்டுமாயின் சுற்றுவழியில்தான் போக வேண்டியிருந்தது. 2019 மே திங்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் படை புகுந்து தேட, மாணவர் ஒன்றியத்துப் பொறுப்பாளர்கள் ஒரு படம் வைத்திருந்ததற்காகக் கொடுஞ்சட்டத்தில் சிறைப்பட்டனர். 2021 சனவரி 8 இரவு அவ்வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இடிக்கப்பட்டது. கல்லுக்கே காவலில்லாத இடத்தில் சொல்லுக்கு எங்கே காவல்? அவ்வளாகத்திடம் கணு நிறுவுக என்று நாம் கேட்க மாட்டோம். கேட்க வேண்டியது, ஒப்பளவில் அச்சங் குறைந்த நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிடம். அயலில் ஓரிடத்தில் நிறுவிய கணு, நெருக்குண்ட இன்னோரிடத்தானுக்கு உதவும் என்பதே இவ்வலையின் சிறப்பு.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் மக்களைச் சுட்டார்கள். அதில் உயிரிழந்தோர் பதின்மூவர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை அறுத்தார்கள். கம்பியே அறுந்தவிடத்து எந்த மறைவழியும் உதவாது. ஆனால் இணையம் மீண்டபின், தான் எடுத்த படத்தை வெளியிட்டால் தன்னைத் தேடி வருவரோ என்று அஞ்சிப் பலகாலம் பூட்டி வைத்திருப்பவனுக்கு இஃது உதவும். சான்றுகள் பூட்டிய கைப்பேசிகளுக்குள்ளேயே மாண்டு போகின்றமையை நாம் கண்டிருக்கின்றோம்.

இனி வேலைக்கு வருவோம். வேலூர் சேர்க்காட்டில் திருவள்ளுவர் பெயரால் 2002 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. தஞ்சையில் 1981 முதல் தமிழின் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. சென்னையில் அண்ணா பெயரால் இருக்கின்றது. மக்கள் வரிப்பணத்தில் அறிவு வலைப்பின்னல் என்று நாடு முழுதும் பல்கலைக்கழகங்களை விரைவிணைப்பால் இணைத்திருக்கின்றார்கள். இவற்றுள் ஒன்றேனும் முன்வந்து, இக்கணு எம்முடையது என்று சொன்னதாக நாம் கேட்டிலோம். பெயரை மட்டும் தமிழில் வைத்துவிட்டால் போதுமா?

செலவைச் சொல்லி மறுக்க இயலாது. இடைக்கணு ஒன்றுக்கு நொடிக்குப் பத்து மெகாபிட்டு விரைவிணைப்புப் போதும். நினைவகம் அரைக் கிகாபைட்டு இருந்தால் நடக்கும். மாணவர் விடுதியில் மூலையில் தள்ளிய பழைய கணிப்பொறி இதனினும் வலியது. முதலில் நடுக்கணுவே நிறுவுக. அதிலிருந்து செய்தி நேரே வெளியுலகுக்குப் போவதில்லை. ஆகலின் காவலர் முறையீடுகள் அதற்குப் பெரும்பாலும் வாரா. ஓராண்டு நடத்திப் பட்டறிவு பெற்றபின் கடைக்கணுவைப் பற்றி ஆட்சிப்பேரவை எண்ணட்டும். துணைவேந்தர் கைச்சாத்தோடு ஒரு பக்க அறிவிப்பைத் தமிழில் எழுதி, கணு இருக்கும் அறையின் வாயிலில் ஒட்டுக. இன்ன துறை நடத்துகின்றது, இன்ன நோக்கத்துக்கு, ஐயம் உடையோர் இன்னாரைக் கேட்க என்று அதில் இருக்கட்டும். ஒளித்து வைத்து நடத்துவதாயின் நடத்தவே வேண்டா.

நம் அன்பர்க்கும் ஒரு வேலை உண்டு. தோர் வலையில் நடப்பதற்கென்றே தனி உலாவி இருக்கின்றது. அது பர்மிய மொழியில் கிடைக்கின்றது. தாய்லாந்து மொழியில் கிடைக்கின்றது. சில நூறாயிரம் பேர் பேசும் ஐசுலாந்து மொழியிலும் கிடைக்கின்றது. எட்டுக்கோடித் தமிழர் மொழியில் இல்லை. யாரும் தடுத்ததனால் இல்லாமற் போகவில்லை; நம்மவர் உட்கார்ந்து முழுதாக மொழிபெயர்த்துக் கொடாமையால் இல்லை. ஆங்கிலங் கற்றவனுக்கே கவசம் என்றால், கலவைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவள் மீண்டும் வெறுங்கையள். சொல்லாக்கத்தில் பயிற்சியுடைய தென்னார்க்காட்டு, வடார்க்காட்டு அன்பர்கள் ஒரு குழுவாகக் கூடி இப்பணியை மேற்கொள்ள விரும்பினால், சொற்பட்டியலைத் திருத்தித்தரும் வேலையை இவ்வேடு ஏற்கும். வழங்கி, கணு, மறையாக்கம் என நாம் மேலே ஆண்ட சொற்களைவிடப் பொருத்தமானவை இருப்பின் அவற்றையும் எழுதுக. குறை கூறினும் வெளியிடுவோம்.

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்து ஆட்சிப்பேரவை உறுப்பினர்க்கும் துணைவேந்தர்க்கும் இவ்வேண்டுகையை மடலாக எழுதுவோர் சுருக்கமாக எழுதுக. வசைச்சொல் வேண்டா. தம் பெயரையும் ஊரையும் முகவரியையும் தெளிவாக எழுதிக் கைச்சாத்திடுக. பெயர் சொல்ல இயன்றவர் சொல்லாமல் விடலாகாது. மடலின் படி ஒன்றை நமக்கும் விடுக்க.